பேய் வேண்டாம், பாலையா போதும்

'காதலிக்க நேரமில்லை' படத்தில் நாகேஷ் பாலையாவுக்குக் கதை சொல்லும் காட்சியை ஒரு தடவைகூடப் பார்க்காத தமிழர் அபூர்வம். படம் எடுத்தே தீருவேன் என்று துள்ளிக்கொண்டிருக்கும் மகன், பணமுள்ள அப்பா. என்னதான் கதை என்று கேட்க அப்பா தயாராக, மகன் ஒரு திகில் கதையை அவிழ்த்துவிடுகிறான். கதைக்கு வேண்டிய சத்தமெல்லாம் அவன் வாயிலிருந்தே வருகிறது. கொஞ்ச நேரத்தில் பாலையாவுக்குக் கண் பிதுங்குகிறது, உடம்பு ஒடுங்குகிறது. 1964இல் ஸ்ரீதர் எடுத்த படம். அறுபது வருஷம் தாண்டிய பிறகும் அந்த முகத்தைப் பார்த்தால் சிரிப்பு வந்துவிடுகிறது.

அந்தக் காட்சியில் பேய் கிடையாது, பாழடைந்த பங்களா கிடையாது. ஆனால் பேய்க் காமெடி என்று இன்றைக்கு நாம் சொல்லும் வகைக்கு வேண்டிய உறுப்புகள் அத்தனையும் இருக்கின்றன: திடுக்கென்று ஒரு சத்தம், அதற்கு முன்னால் ஓர் இழுவை, பயந்துபோன ஒரு முகம், பயம் பொய்யென்று முன்பே தெரிந்த பார்வையாளர். 'முனி' (2007), 'காஞ்சனா' (2011), 'யாமிருக்க பயமே' (2014), 'அரண்மனை' (2014), 'தில்லுக்கு துட்டு' (2016) என்று பிற்பாடு வரிசைகட்டிய படங்கள் மேக்கப்பையும் கிராஃபிக்ஸையும் கூட்டின. உள்ளே ஓடும் எந்திரம் அதேதான். அதைத்தான் இங்கே பிரித்துப் பார்க்கப் போகிறோம். பாலையா தூத்துக்குடி மாவட்டத்துச் சுண்டங்கோட்டையில் பிறந்தவர் என்பதால், அதே மாவட்டத்துக் கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து பார்ப்பதில் ஓர் உரிமையும் இருக்கிறது.

பொய் அபாயம்

பயமும் சிரிப்பும் எதிரெதிர் என்றுதான் தோன்றும். உடம்புக்கு அப்படித் தெரியாது. இரண்டிலும் இதயம் வேகமெடுக்கும், மூச்சு மாறும், தசைகள் நம் சொல்பேச்சைக் கேட்காது. சினிமாவும் இரண்டையும் ஆரம்பத்திலிருந்தே ஒன்றாகத்தான் வளர்த்தது. உலகின் முதல் திகில் படம் என்று பலரும் சொல்லும் படத்தை பிரான்ஸின் ஜார்ஜ் மெலியஸ் 1896இல் எடுத்தார். மூன்று நிமிஷப் படம். வௌவால் சாத்தானாக மாறும், பொருட்கள் தோன்றும், மறையும். அவர் மேடை வித்தைக்காரர். கூட்டத்தை மிரட்டி அனுப்புவது அவர் நோக்கமாக இருக்கவில்லை, குதூகலப்படுத்தத்தான் எடுத்தார்.

இந்த உறவுக்கு ஒரு விளக்கத்தை முன்வைத்தவர் தமிழ்நாட்டில் பிறந்து, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, அமெரிக்காவின் சான் டியேகோவில் பேராசிரியரான நரம்பியல் அறிஞர் வி. எஸ். ராமச்சந்திரன். 1998இல் அவர் எழுதிய கட்டுரையின் சாரம் இது: ஏதோ அபாயம் என்று மனம் எச்சரிக்கையாகிறது. அடுத்த கணம் அது ஒன்றுமில்லை என்று தெரிகிறது. அதைக் கூட்டத்திலிருக்கும் மற்றவர்களுக்கு அறிவிக்கும் குரல்தான் சிரிப்பு. 'பயப்படாதீங்க, வீண் பீதி' என்று சொல்லும் ஒலி. இது நிரூபணமான விதியாக இல்லாமல் ஒரு கருதுகோளாகவே இருக்கிறது. ஆனால் பேய்க் காமெடியின் இலக்கணத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. அபாய அறிவிப்பு, அதை ரத்து செய்யும் அறிவிப்பு, இரண்டுக்கும் நடுவே ஓர் இடைவெளி. இயக்குநர், எடிட்டர், ஒலிக்காரர், நடிகர் எல்லாரும் சேர்ந்து அளப்பது அந்த இடைவெளியைத்தான்.

அளவு முக்கியம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பயத்தில் சுரக்கும் அட்ரினலின், பயம் போனவுடன் வடிந்துவிடாது. உடம்பு கொஞ்ச நேரம் சூடாகவே இருக்கும். அந்தச் சமயத்தில் ஒரு ஜோக் வந்தால், மிச்சமிருக்கும் படபடப்பையும் மனம் ஜோக்கின் கணக்கில் எழுதிக்கொள்ளும். சுமாரான வசனம் பிரமாதமாகத் தெரியும். டால்ஃப் ஸில்மன் என்ற உளவியலாளரும் அவரோடு சேர்ந்தவர்களும் 1970களில் இதைச் சோதித்துக் காட்டினார்கள். தியேட்டரில் விழுந்து விழுந்து சிரித்த கவுண்டரை மறுநாள் டீக்கடையில் சொல்லிப் பார்த்தால் யாரும் சிரிக்காத மர்மம் இதுதான். வசனத்தோடு படபடப்பும் கூட வரவில்லை.

ஒரு ஃபிரேம் தூரம்

திடீர்ச் சத்தத்துக்குத் திடுக்கிடுவது நம் விருப்பத்தில் இல்லை. காதில் விழுந்த ஒலி, யோசிக்கும் மூளைக்குப் போவதற்கு முன்னால் மூளைத்தண்டு வழியாக ஒரு குறுக்குப் பாதையில் தசைகளுக்குப் போய்விடுகிறது. கண் இமை மூடத் தொடங்க சுமார் 40 மில்லிநொடி போதும். சினிமா நொடிக்கு 24 ஃபிரேம் ஓடுகிறது. ஒரு ஃபிரேம் என்பது ஏறக்குறைய 42 மில்லிநொடி. அதாவது, சத்தம் கேட்ட ஒரு ஃபிரேமுக்குள் உடம்பு வேலையை ஆரம்பித்துவிடுகிறது. வந்தது பேயா, பக்கத்து வீட்டு அக்காவா என்று மூளை அடையாளம் காண இன்னும் பல ஃபிரேம்கள் பிடிக்கும். இந்தப் பிந்தலில்தான் எடிட்டரின் பிழைப்பு ஓடுகிறது.

கார்னி லாண்டிஸ், வில்லியம் ஹன்ட் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் துப்பாக்கி வெடிக்கும் சத்தத்துக்கு மனிதர்கள் திடுக்கிடுவதை அதிவேக கேமராவில் படம்பிடித்து 1939இல் புத்தகமாக எழுதினார்கள். முதலில் கண் மூடுகிறது, பிறகு தலை முன்னால் வருகிறது, தோள் தூக்குகிறது, முழங்கை மடங்குகிறது, வயிறு ஒட்டுகிறது. எல்லாருக்கும் கிட்டத்தட்ட இதே வரிசை. திரும்பத் திரும்பச் சுட்டால் மற்றதெல்லாம் குறைந்தது, கண் சிமிட்டல் மட்டும் போகவில்லை.

நிஜத்தில் இது கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துபோகும். நகைச்சுவை நடிகர்கள் செய்வது இதை இழுப்பது. வடிவேலு பயப்படும் காட்சி ஒன்றை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். தோள் காதுவரை ஏறி அங்கேயே நின்றுவிடும். முழங்கை மடங்கி, விரல்கள் பாதியில் உறைந்திருக்கும். கழுத்து மட்டும் மெதுவாகத் திரும்பும். உடம்பு அரை நொடிக்குள் முடிக்கும் வரிசையை அவர் ஐந்தாறு நொடிக்கு நீட்டுகிறார். நீட்டியதால்தான் அது பயமாக இல்லாமல் பயத்தின் படமாக மாறுகிறது.

சத்தத்துக்கு முந்திய அமைதியிலும் ஒரு சூட்சுமம் உண்டு. பெரிய சத்தத்துக்குச் சுமார் 100 மில்லிநொடி முன்னால் மெல்லிய ஒரு 'டக்' கேட்டால்கூடப் போதும், திடுக்கிடல் பாதியாகக் குறைந்துவிடும். நரம்பியலில் நன்றாக நிறுவப்பட்ட சங்கதி இது. அதனால் பயமுறுத்த நினைக்கும் ஒலிக்காரர் கடைசி நொடியில் சுவர்க்கோழியை நிறுத்துவார், ஃபேன் சத்தத்தை நிறுத்துவார், ஆர்.ஆர். எனப்படும் பின்னணி இசையையும் நிறுத்துவார். சிரிக்க வைக்க நினைப்பவர் தலைகீழாகச் செய்யலாம். ஒரு சின்னக் கொலுசுச் சத்தத்தை முன்னால் விட்டால் பார்வையாளரின் உடம்பு லேசாகத் தயாராகிவிடும். அடி பலமாக விழாது, சிரிக்கத் தெம்பு மிச்சமிருக்கும்.

'பஸ்' என்று உலகத் திகில் சினிமாவில் ஓர் உத்தி உண்டு. 1942இல் வால் லூட்டன் தயாரித்து ஜாக் டூர்னர் இயக்கிய 'கேட் பீப்பிள்' படத்தில் ஒரு பெண் இரவில் தனியாக நடக்கிறாள். பின்னால் ஏதோ வருகிறது என்று நாமும் நம்புகிறோம். சிறுத்தை சீறுவதுபோல ஒரு சத்தம். பார்த்தால், பக்கத்தில் வந்து நிற்கும் பஸ்ஸின் பிரேக். நம் படங்களில் தோளில் விழும் கையும், கதவைத் திறந்ததும் குதிக்கும் பூனையும், முகத்தில் ஃபேஸ்பேக் பூசிக்கொண்டு வரும் அத்தையும் அந்த பஸ்ஸின் வாரிசுகள். டூர்னர் பெருமூச்சோடு நிறுத்தினார். நம்மவர்கள் ஒரு வசனத்தைச் சேர்த்துச் சிரிப்பாக்கினார்கள்.

தீக்குச்சி வெளிச்சம்

இனி வெளிச்சம். இதைப் பேசக் கோவில்பட்டியைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது. இங்கே தலைமுறை தலைமுறையாகப் பல குடும்பங்களுக்குச் சோறு போட்டது தீப்பெட்டி ஆபீஸ்தான்.

இருட்டில் ஒரு குச்சியை உரசிக் கவனியுங்கள். பெட்டியின் பக்கவாட்டில் பூசிய சிவப்பு பாஸ்பரஸில் துளி பற்ற, குச்சி முனையிலுள்ள மருந்தின் பொட்டாசியம் குளோரேட் ஆக்ஸிஜனை அள்ளிக்கொடுக்க, முதலில் 'புஸ்' என்று கண் கூசும் ஒரு வெடிப்பு. உடனே அது அடங்கி, மரம் எரியும் மஞ்சள் சுடராகிறது. அந்தச் சுடரின் நிறவெப்பம் சுமார் 1,700 கெல்வின். நண்பகல் வெயில் 5,500 கெல்வினுக்குப் பக்கம். அதனால்தான் குச்சி வெளிச்சத்தில் முகம் செம்மஞ்சளாகத் தெரிகிறது. தூரம் கூடக்கூட வெளிச்சம் அதன் வர்க்கத்தில் குறையும். முகத்துக்கு அரை அடியில் பிடித்த குச்சி, ஐந்தடி தள்ளியிருக்கும் சுவருக்கு நூறில் ஒரு பங்கு வெளிச்சம்தான் தரும். முகம் தெரியும், முதுகுக்குப் பின்னால் இருப்பது தெரியாது. வெடிப்பு வெளிச்சத்தில் கண் ஒரு கணம் கூசிப்போவதால், குச்சி அணைந்ததும் இருட்டு முன்பைவிடக் கெட்டியாகிவிடும். அபாயம், நிம்மதி, மறுபடி அபாயம் என்று முழுத் திரைக்கதையும் ஒரு குச்சிக்குள் முடிந்துபோகிறது.

பயமுறுத்தும்போது டார்ச்சை ஏன் எல்லாரும் தாடைக்குக் கீழே பிடிக்கிறோம்? இதற்கும் ராமச்சந்திரனிடம் பதில் இருக்கிறது. 1988இல் 'நேச்சர்' இதழில் வந்த அவருடைய ஆய்வு, நிழலைக்கொண்டு மேடுபள்ளத்தை மூளை எப்படிக் கணிக்கிறது என்பதைப் பற்றியது. வெளிச்சம் எப்போதும் மேலிருந்துதான் வரும் என்று மூளை கேட்காமலே எடுத்துக்கொள்கிறது. சூரியனுக்குக் கீழே வளர்ந்த உயிரினத்துக்கு அது நியாயமான முடிவு. விளக்கைக் கீழே வைத்தால் அந்தக் கணக்கு குழம்பும். புருவத்துக்கு மேலே நிழல், மூக்கின் அடியில் வெளிச்சம். தெரிந்த முகமே அந்நியமாகிறது. மூளை தடுமாறும் அந்த நேரத்தில்தான் பேய் நுழைகிறது. பிறகு யாராவது வீட்டு லைட்டைப் போடுவார்கள். வெளிச்சம் மேலிருந்து விழும், கணக்கு நேராகும், 'அட, நீயா!' என்று சிரிப்பு வரும். ஒரே அறிஞரின் இரண்டு கட்டுரைகள், பேய்க் காமெடியின் இரண்டு பாதிகள்.

கரிசலில் கதவு கிடையாது

நம் பேய்ப் படங்கள் ஏன் பங்களாவையே கட்டிக்கொண்டு அழுகின்றன? சுலபம் என்பதால்தான். கதவு, மாடிப்படி, திரைச்சீலை, மூலை என்று பேய் ஒளிய ஆயிரம் இடம். ஃபிரேமுக்கு வெளியே இருப்பதை நினைத்துத்தான் நாம் பயப்படுகிறோம். பங்களா அந்த 'வெளியே'வை இலவசமாகத் தருகிறது.

கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கம் போங்கள். பருத்தியும் உளுந்தும் கம்பும் எடுத்த பிறகு, கண்ணுக்கெட்டியவரை வெடிப்பு விழுந்த கரிசல். நடுவே அங்கங்கே பனை, ஓடையோரம் சீமைக் கருவேலம். ஒளிய இடமில்லை. அப்படியும் இந்தக் காட்டில் பேய்க்கதைக்குப் பஞ்சமிருந்ததில்லை. கரிசல் மண்ணின் கதைகளைத் திரட்டிய கி. ராஜநாராயணன் பிறந்த இடைசெவல், கோவில்பட்டிக்குப் பக்கத்தில்தான். நம் நாட்டார் கதைகளில் பேய்க்குப் பயந்தவர்கள் எத்தனை பேரோ, பேயை ஏமாற்றி வேலை வாங்கியவர்களும் அத்தனை பேர். பயத்தையும் சிரிப்பையும் பிரித்து வைக்கத் தெரியாத கதை மரபு இது.

கதவில்லாத இடத்தில் பேய் எங்கிருந்து வருகிறது? மண்ணின் நிறத்திலிருந்து வருகிறது. நனைந்த கரிசல், தன்மேல் விழும் வெளிச்சத்தில் பத்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவாகவோதான் திருப்பி அனுப்பும். காய்ந்த வெண்மணல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அனுப்பும். மணலில் அரிக்கேன் விளக்கோடு ஒருவர் நடந்தால் அவரைச் சுற்றி ஒரு வெளிச்ச வட்டம் தெரியும், கூடவே நகரும். கரிசலில் அந்த வட்டத்தை மண் விழுங்கிவிடும். தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு ஆள் தெரியாது, தரை தெரியாது, அந்தரத்தில் ஒரு நெருப்புப் பொட்டு மட்டும் மிதக்கும். கொள்ளிவாய்ப் பிசாசுக்கு வழக்கமாகச் சொல்லும் விளக்கம் சதுப்பில் எரியும் வாயு. மானாவாரிக் காட்டில் சதுப்புக்கு எங்கே போவது? இந்த விளக்கு இன்னும் நெருக்கமான சந்தேக நபர்.

அந்தப் பொட்டு அசையாமல் இருந்தாலும் அசைவதாகத்தான் தெரியும். சுற்றிலும் ஒப்பிட எதுவும் இல்லாத இருட்டில், நிலையான ஒரு சிறு வெளிச்சம் அலைவதுபோலக் கண் ஏமாறும். முசாஃபர் ஷெரிஃப் என்ற துருக்கிய உளவியலாளர் 1935இல் வெளியிட்ட சோதனைகளில், இருட்டறையில் ஒரு புள்ளி வெளிச்சத்தைக் காட்டி எவ்வளவு நகர்ந்தது என்று கேட்டார். அது நகரவே இல்லை. ஆளாளுக்கு ஓர் அளவு சொன்னார்கள். கூட்டமாக உட்கார வைத்துக் கேட்டபோது எல்லாருடைய அளவும் நெருங்கி நெருங்கி ஒன்றாகிவிட்டது. 'நாங்க நாலு பேரும் சேர்ந்துதான்யா பார்த்தோம்' என்ற சாட்சியம் ஏன் அவ்வளவு உறுதியாக வருகிறது என்பது இப்போது புரியும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பது தனி ஆளின் கதை. நாலு பேர் சேர்ந்து அரண்டால் பேய்க்கு உயரமும் நடையும்கூட ஒரே மாதிரி அமைந்துவிடும்.

ஒளிப்பதிவாளருக்கு இந்த மண் தொந்தரவானது. பகல் வெயிலில் வெளிறிய தரை, முகத்தின் அடிப்பக்கத்துக்குக் கொஞ்சம் வெளிச்சத்தைத் திருப்பிக் கொடுக்கும். கரிசல் கொடுக்காது. உச்சிவெயிலில் கண்குழி கறுத்துவிடும், தெர்மாகோலைப் பிடித்துத்தான் சரிக்கட்ட வேண்டும். பகலில் எடுத்து இரவாக்கும் பழைய உத்தியும் இங்கே பாதிதான் பலிக்கும். ஃபிரேமில் பாதி வானம், வெளுத்த வானம் குட்டை உடைத்துவிடும். ஆனால் பேய்க் காமெடிக்கு அந்தக் கறுத்த கண்குழியே வரம். பட்டப்பகலில், மேக்கப் இல்லாமல், கருவேல விறகுக் கட்டோடு வரும் ஓர் அப்பாவி மண்டையோடாகத் தெரிவார். இரண்டடி நகர்ந்து வேப்பமர நிழலுக்கு வந்தால் பழையபடி பெரியப்பா.

மிச்சத்தைக் காது பார்த்துக்கொள்ளும். பனையில் கழிக்காமல் விட்ட காவோலைகள் ராத்திரிக் காற்றில் உரசும் சத்தம் ஆள் நடப்பதைப்போலவே இருக்கும், ஆனால் தாளம் பிசகும். கூகையின் அலறல் சுருதியே இல்லாத கரகரப்பு. அமெரிக்க உயிரியலாளர் டேனியல் புளூம்ஸ்டைன், மர்மோட் என்ற பெரிய தரை அணில்களின் அலறலை ஆராய்ந்தவர். பயந்த விலங்கின் குரல் உடைந்து ஒழுங்கற்ற இரைச்சலாக மாறுவதைக் கவனித்த அவர், 2010இல் 102 படங்களின் ஒலித்தடங்களை அலசினார். திகில் காட்சிகளில் இந்த உடைந்த ஒலிகள் எதிர்பார்ப்பதைவிட அதிகமாக இருந்தன. இசையமைப்பாளர்கள் விலங்கியல் படிக்காமலே அதைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். நாகேஷ் வாயால் போட்ட சத்தங்களும் இந்த வகைதான். அவை அசலைப் போலவும் இருக்கின்றன, மனிதன் செய்வது என்றும் தெரிகிறது. பயமும் சிரிப்பும் ஒரே ஒலியில் வந்துவிடுகின்றன.

யாருக்கு முதலில் தெரியும்?

உத்திகளில் பெரியது கேமராவிலும் இல்லை, மைக்கிலும் இல்லை. விஷயம் யாருக்கு முதலில் தெரிகிறது என்ற வரிசையில் இருக்கிறது. பாத்திரத்துக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது என்றால் திடுக்கிடல். நமக்குத் தெரியும், பாத்திரத்துக்குத் தெரியாது என்றால் பதைப்பு. பாத்திரம் பயப்படுகிறது, நமக்குக் காரணம் பொய்யென்று தெரியும் என்றால் சிரிப்பு. ஒரே ஷாட்டை மூன்று வரிசையில் ஒட்டினால் மூன்று படம்.

'சந்திரமுகி' (2005) இந்த வரிசையைக் கலைத்துக் கலைத்து அடுக்குகிறது. நடுங்கும் வடிவேலுக்குப் பக்கத்திலேயே அலட்டிக்கொள்ளாத ரஜினியை நிறுத்துகிறது. ஒரே ஃபிரேமில் அபாய அறிவிப்பும் ரத்து அறிவிப்பும் அருகருகே நிற்கின்றன. நாம் எந்த முகத்தைப் பார்க்கிறோமோ அதற்கேற்ப பயமோ சிரிப்போ. 'காஞ்சனா' வேறு வழியில் போகிறது. பயந்தாங்கொள்ளியாக அம்மா கோவை சரளாவின் இடுப்பில் ஏறி உட்காரும் ராகவா லாரன்ஸின் உடம்பிலேயே பேயும் குடியேறுகிறது. பயப்படுபவரும் பயமுறுத்துபவரும் ஒரே ஆள். நடனக்காரர் என்பதால் தோளையும் நடையையும் மாற்றியே அவரால் ஆள் மாறிவிட முடிகிறது.

அதே படத்தில் சரத்குமார் நடித்த காஞ்சனாவின் முன்கதை வரும்போது சிரிப்பு நின்றுவிடும். ஒதுக்கப்பட்ட ஒரு திருநங்கைக்கு நடந்த கொடுமை அது. பீட்டர் மெக்ரா, கேலப் வாரன் என்ற ஆய்வாளர்கள் 2010இல் முன்வைத்த கோட்பாடு இங்கே பொருந்தும்: ஒழுங்கு மீறப்பட வேண்டும், அந்த மீறல் தீங்கற்றது என்றும் தோன்ற வேண்டும், அப்போதுதான் சிரிப்பு. தீங்கு நிஜமானால் ரத்து அறிவிப்புக்கு வேலையில்லை. பேயின் சோகத்தைச் சொல்லி முடித்த கையோடு மறுபடி ஜோக் அடிக்கும் படங்கள் கவிழ்வது இந்த இடத்தில்தான்.

கடைசியாக, கூட்டம். அமெரிக்க நரம்பியலாளர் ராபர்ட் புரோவைன், மனிதர்கள் தனிமையைவிடக் கூட்டத்தில் முப்பது மடங்கு அதிகமாகச் சிரிக்கிறார்கள் என்று கணக்கிட்டார். சிரிப்பு மற்றவர்களுக்கான அறிவிப்பு என்றால் கேட்க ஆள் வேண்டும்தானே. டூரிங் டாக்கீஸ் மணலில் நெருக்கியடித்து உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு வாய்த்த படம், படுக்கையில் காதில் ஹெட்போனோடு பார்ப்பவருக்கு வாய்க்காது. தனியே பார்த்தால் பயம் கூடும், சிரிப்பு குறையும். ஓ.டி.டி.க்காக எடுப்பவர்கள் ரத்து அறிவிப்பைக் கொஞ்சம் முன்கூட்டியே தர வேண்டியிருக்கும்.

கையில் ஒரு போனும் நாலு கூட்டாளிகளும் இருந்தால் குறும்படம் எடுத்துவிடலாம் என்று இறங்கும் பிள்ளைகள் கோவில்பட்டிப் பக்கமும் உண்டு. பங்களா தேடி அலைய வேண்டாம். கரிசலும் பனையும் ஒரு தீப்பெட்டியும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. கிராஃபிக்ஸுக்கு ஒதுக்கிய காசில் ஒரு நல்ல மைக் வாங்குங்கள். அடுத்து, நன்றாகப் பயப்படத் தெரிந்த ஒருவரைக் கண்டுபிடியுங்கள். மைக் கடையில் கிடைக்கும்.